கனவான் ஆடினால் கேளிக்கை! கைமடி ஆடினால் கைது!

"பெரியவர்களுக்கு மட்டும்!" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த வண்ண நோட்டீசு ஒன்றைத் தோழர் ஒருவர் கொண்டுவந்து நம் மேசைமேல் போட்டார். பவர் டேபிளில் இருபது ஆண்டாகக் குனிந்து குனிந்து முதுகு வளைந்துபோன மனிதர். கம்பெனி ஆபீசு மேசையில் கிடந்ததாம் அது. யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஏனுங் தோழர், இதென்னங்க பெரியவங்களுக்கு மட்டும்னு போட்டிருக்குது? ஏடாகூடமான சினிமாப் படமுங்களா?" என்றார்.

சினிமா அல்ல! மலைமேல் உள்ள ஓர் உல்லாச விடுதியில் சனிக்கிழமை இரவு விருந்து. ஆட்டம் உண்டு, பாட்டு உண்டு, மது உண்டு. நடுநாயகமாகப் 'பிங்கோ' என்றொரு ஆட்டம் உண்டு. குழந்தைகளைக் கூட்டிவரக் கூடாது. அதனால்தான் 'பெரியவர்களுக்கு மட்டும்'. தம்பதிக்கு இவ்வளவு என்று போட்டிருந்த கட்டணத்தைத் தோழர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அவருடைய இரண்டு வாரச் சம்பளத்தை விட அது அதிகம்.

பிங்கோ என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டுக் கிளப்புகளில் இதற்கு ஹௌசி என்றும் தம்போலா என்றும் பெயர். வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சிப்பாய்கள் ஆட அனுமதிக்கப்பட்ட சூது இது. பட்டாளத்தோடு வந்து, துரைமார் கிளப்புகளில் தங்கி, துரைமார் போன பிறகும் போகாமல் இருந்துவிட்டது. ஆளுக்கொரு சீட்டு விலைக்கு வாங்க வேண்டும். சீட்டில் மூன்று வரிசை, ஒன்பது பத்தி, மொத்தம் 27 கட்டங்கள். அவற்றில் 15 கட்டங்களில் மட்டும் எண்கள். ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எண் போட்ட வில்லைகளை ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து ஒருவர் கூவுவார். கூவிய எண் நம் சீட்டில் இருந்தால் அடித்துக்கொள்ள வேண்டியது. முதலில் ஐந்து எண் அடித்தவனுக்கு ஒரு பரிசு, ஒரு வரிசை முடித்தவனுக்கு ஒரு பரிசு, பதினைந்தையும் முடித்தவனுக்குப் பெரிய பரிசு. அவ்வளவுதான் ஆட்டம்.

தோழர் கேட்டுவிட்டுக் கடகடவென்று சிரித்தார். "அட, இது நம்ம நம்பர் லாட்டரியாட்டமே இருக்குதுங்களே! அவிங்க பையில குலுக்குறாங்க, நம்மாளுக துண்டுச் சீட்டுல எழுதுறாங்க. இதுக்கெதுக்குங்க மலை ஏறணும்?"

ஆம், தோழர்களே! பெரிய பெரிய வழக்கறிஞர்கள் வாதாடி வாதாடி விளங்கவைக்க முடியாத ஒன்றை அந்தப் பவர் டேபிள்காரர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். குலுக்கலில் வந்து விழும் எண்ணுக்குக் காசு கட்டுவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆடுகிறவன் யார் என்பதில்தான் வேற்றுமை! டீக்கடை மறைவில் மூன்று எண் எழுதிய துண்டுச் சீட்டோடு நிற்பவன்மீது வழக்குப் பாய்கிறது. சீட்டு எழுதிக் கொடுத்த சில்லறை ஆளுக்கு விலங்கு மாட்டப்படுகிறது. மறுநாள் பத்திரிகையில், "லாட்டரி விற்ற இருவர் கைது, ரொக்கம் பறிமுதல்" என்று நான்கு வரி வருகிறது. மலைமேல் விடுதியில் அதே சனிக்கிழமை இரவு எண் கூவப்படுகிறது. அங்கே கைதட்டல்!

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் மாநிலத்தில் இன்றைக்கும் சூதாட்டத்துக்கு அடிப்படைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தில் 1930-இல் எழுதிய சட்டம்தான். திறமையால் மட்டும் ஆடும் ஆட்டங்களை அது விட்டுவிடுகிறது. அதிர்ஷ்டத்தை நம்பிப் பணம் வைத்தால் பிடிக்கிறது. எது திறமை, எது அதிர்ஷ்டம்? 1967-ஆம் ஆண்டு நவம்பரில், செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்களின் வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. ரம்மியில் எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைத்து ஆட வேண்டியிருக்கிறது. ஆகவே அது பெரும்பாலும் திறமை. மூன்று சீட்டைப் போல வெறும் அதிர்ஷ்டமல்ல என்றார்கள் நீதிபதிகள். 1996-இல் குதிரைப் பந்தயமும் திறமை என்று தீர்ப்பாயிற்று. 1974-இல் தமிழக அரசு சட்டம் போட்டு ஒழிக்க முனைந்த பந்தயம் அது! குதிரை ஓடுகிறது, மேல்தட்டில் உட்கார்ந்திருப்பவர் திறமைசாலி ஆகிறார்!

போகட்டும். அந்தத் தராசிலேயே பிங்கோவை வைத்துப் பாருங்கள். ரம்மிக்காவது நினைவாற்றல் வேண்டும். குதிரைக்காரனாவது குதிரையின் வம்சத்தைப் படிக்கிறான். பிங்கோவில் என்ன திறமை இருக்கிறது? கையில் கொடுத்த சீட்டை மாற்ற முடியாது, வரும் எண்ணை மாற்ற முடியாது. காது கேட்க வேண்டும், கையில் ஒரு பென்சில் வேண்டும். அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை. சீட்டு விற்ற பணத்தில் ஒரு பங்கை ஆட்டம் நடத்துகிறவர் எடுத்துக்கொண்டால், 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் அந்த இடத்துக்குப் பெயர் என்ன? சட்டம் படித்த தோழர்கள் சொல்லட்டும். 'பொதுச் சூதாட்ட இடம்' என்ற சொல்லை டீக்கடைக்கு மட்டுமா எழுதிவைத்தார்கள்?

விடுதியிலும் போய்ப் பிடியுங்கள் என்று போலீசுக்கு யோசனை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கனவான்கள் தங்கள் பணத்தைத் தாங்களே குலுக்கித் தொலைத்தால் நமக்கு நட்டமில்லை. ஆயிரம் ரூபாய் போனால் அவருக்கு அது ஓர் இரவுக் கேளிக்கை. நூறு ரூபாய் போனால் நம் ஆளுக்கு அது வீட்டுப் பால் கணக்கு. இந்த வேற்றுமையைத்தான் சொல்ல வருகிறோம்.

திருப்பூருக்கும் லாட்டரிக்கும் பழைய உறவு உண்டு. 1968-இல் அண்ணா ஆட்சிக் காலத்தில் அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. பரிசு விழுந்தால் வாங்கியவனுக்கு லாபம், விழாவிட்டால் நாட்டுக்கு லாபம் என்று சொல்லி விற்றார்கள். 1975-இல் கலைஞர் ஆட்சி அதை நிறுத்தியது. பின்னால் மீண்டும் வந்தது. தொண்ணூறுகளில் எங்கே பார்த்தாலும் லாட்டரிக் கடை! பூட்டான் சீட்டு, சிக்கிம் சீட்டு, நாகாலாந்துச் சீட்டு! பனியனுக்குப் பெயர்போன ஊரில், பனியன் வாங்கக் கடை தேட வேண்டும், சீட்டு வாங்கத் தேட வேண்டியதில்லை. அதிலும் ஒற்றை எண் சீட்டு என்று ஒன்று வந்ததே, அது குடும்பங்களை வேரோடு பிடுங்கியது. காலையில் வாங்கி, மதியம் தோற்று, சாயங்காலம் மீட்கப் பார்த்து, இரவில் கடன்காரனாக வீடு திரும்பினார்கள். ஒற்றை எண் லாட்டரி கூடாதென்று 1998-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமே சொல்லிற்று. சொல்லியும் நிற்கவில்லை. 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சி எல்லா லாட்டரிக்கும் ஒட்டுமொத்தமாகத் தடை போட்டது. ஆட்சியைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், அந்த உத்தரவை அன்றைக்குத் தாய்மார்கள் வரவேற்றார்கள் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் லாட்டரி தொடர்ந்தது. இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கேரள அரசு லாட்டரியை 1967-இல் தொடங்கியது இ.எம்.எஸ். தலைமையிலான அரசுதான். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-ஆம் நாள். சீட்டு விலை 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். தனியார் கொள்ளையைவிட அரசு நடத்துவது மேல், கணக்கு வெளியே தெரியும், வருவாய் மக்களுக்கே திரும்பும் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் வாங்குகிறவன் பைக்குள் கைவிட்டுத்தானே அந்த வருவாய் வருகிறது! அந்தப் பை பெரும்பாலும் யாருடைய பை?

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 20 ஞாபகமிருக்கிறதா? கேரளத்தின் ஓணம் பம்பர் குலுக்கல். முதல் பரிசு 25 கோடி ரூபாய். சீட்டு விற்றது வாளையாறு எல்லைக் கடையில். பரிசு கேட்டு வந்த நால்வர் நம் திருப்பூர் மாவட்டத்துக்காரர்கள்! அன்றைக்குக் கம்பெனிகளில் ஊசி ஓடியதோ இல்லையோ, பேச்சு ஓடியது. அடுத்த வாரம் வாளையாறுக்குப் பஸ் ஏறியவர்கள் எத்தனை பேர் என்பது அவரவர் வீட்டுக்கே தெரியும்.

வென்ற நால்வர் நன்றாக இருக்கட்டும். கணக்கை மட்டும் பார்ப்போம். அந்தப் பம்பர் சீட்டு விலை 500 ரூபாய். விற்றது 75 லட்சம் சீட்டுக்கு மேல். வசூல் 375 கோடி ரூபாய்க்கும் மேல்! முதல் பரிசு 25 கோடியில் முகவர் கழிவு பத்தில் ஒரு பங்கு போகும், மிச்சத்தில் வருமான வரி நூற்றுக்கு முப்பது போகும், அதற்குமேல் கூடுதல் வரி. நால்வர் பங்கிட வேண்டும். அந்த நால்வரைப் பற்றி ஊரெல்லாம் பேசிற்று. ஒன்றும் கிடைக்காத லட்சோபலட்சம் பேரைப் பற்றி யார் பேசினார்கள்?

அதுவாவது அரசுச் சீட்டு, பரிசு விழுந்தால் கொடுப்பார்கள். இங்கே நம் சந்துகளில் நடக்கும் மூன்று நம்பர் சீட்டுக்கு அச்சும் இல்லை, முத்திரையும் இல்லை. கேரளக் குலுக்கலில் விழுந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்துக்கொண்டு இங்கே தனி வியாபாரம். மூன்று இலக்கம் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். சீட்டு 60 ரூபாய், பரிசு 25 ஆயிரம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் ஆளுக்கொரு எண் எழுதினால் வசூல் 60 ஆயிரம். ஒருவனுக்கு 25 ஆயிரம் கொடுத்தாயிற்று. மிச்சம் 35 ஆயிரம் எங்கே போயிற்று? எழுதினவன் கைக்குக் கொஞ்சம், ஏவினவன் பெட்டிக்கு மீதி. இந்த ஆட்டத்தில் தோற்கவே தோற்காத ஒருவன் இருக்கிறான். அவன் சீட்டே வாங்குவதில்லை! மலைமேல் விடுதியிலும் அப்படித்தான். பிங்கோவில் யார் வென்றாலும் சாப்பாட்டுக் காசும் சாராயக் காசும் விடுதிக்கு வந்துவிடும்.

நமது பணம் எவ்வளவு தூரம் ஏறும் என்பதற்கு ஒரு சான்று. 2024 பிப்ரவரி 15-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. மார்ச்சில் பட்டியல் வெளியாயிற்று. நாட்டிலேயே அதிகத் தொகைக்குப் பத்திரம் வாங்கியது யார்? இரும்பு முதலாளியா, எண்ணெய் முதலாளியா? இல்லை! நம் பக்கத்து ஊரான கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட லாட்டரி நிறுவனம். தொகை 1,368 கோடி ரூபாய்! பெற்றவர்களில் திரிணாமுல் காங்கிரசும் உண்டு, தி.மு.க.வும் உண்டு, பா.ஜ.க.வும் உண்டு. அந்த நிறுவனத்தின் பெயரையும் பாருங்கள்: ஃபியூச்சர் கேமிங் அண்ட் ஹோட்டல் சர்வீசஸ். சூதும் விடுதியும் ஒரே பெயர்ப்பலகையில்! தமிழ்நாட்டில் லாட்டரி இல்லை, உண்மை. தடை இல்லாத மாநிலங்களில் சட்டப்படி நடக்கும் வியாபாரம் அது. ஆனால் ஐம்பதும் நூறுமாக அந்தச் சீட்டை வாங்கிய கைகள் எந்த மாநிலத்துக் கைகளானாலும், அவை காய்த்துப்போன கைகள்தானே!

இப்போது அந்தச் சீட்டும் பழங்கதையாகிவிட்டது. கைப்பேசிக்குள்ளேயே கிளப் வந்துவிட்டது. ஆன்லைன் ரம்மிக்கு 2021-இல் சட்டம், அதே ஆண்டு ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் ரத்து. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022 அக்டோபரில் மறுபடி சட்டமன்றத்தில் மசோதா. ஆளுநர் அதை மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். மீண்டும் நிறைவேற்றி அனுப்பிய பிறகு 2023 ஏப்ரலில் ஒப்புதல். நவம்பரில் உயர்நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை, அவற்றைத் தடுக்க முடியாது என்றது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை வீடுகள் முழுகின!

வள்ளுவர் சூதுக்கென்று தனி அதிகாரமே வைத்தார், தொண்ணூற்று நான்காவது. அதைப் பெரிய மனிதர்கள் மேடையில் நமக்கு எடுத்துச் சொல்கிறார்கள். "தொழிலாளிக்குச் சேமிக்கத் தெரியவில்லை, சீட்டிலும் குடியிலும் விடுகிறான்" என்கிறார்கள். உபதேசம் செய்வோரைக் கேட்கிறோம்: அவன் ஏன் சீட்டு வாங்குகிறான் என்று யோசித்ததுண்டா?

அவன் வாழ்க்கையே ஒரு பிங்கோ பை, ஐயா! யாரோ எங்கோ கைவிட்டு எண் எடுக்கிறார்கள். 2011: சாயப்பட்டறைகளை மூட நீதிமன்ற உத்தரவு. நொய்யலைக் கெடுத்தவர்கள் வேறு. வேலை போனது பட்டறைக் கூலிக்கு. 2016: ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது, சனிக்கிழமைச் சம்பளம் நின்றது. 2020: ஊரடங்கு, வடக்கத்தித் தொழிலாளர்கள் மூட்டையோடு சாலையில் நடந்தார்கள். 2025 ஆகஸ்டு: அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது, போட்ட கையெழுத்து வாஷிங்டனில், ஷிப்டு குறைந்தது திருப்பூரில். ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் இது. ஆனால் அடுத்த வாரம் ஒன்றரை ஷிப்டு உண்டா, அரை ஷிப்டுதானா என்று தைப்பவனுக்குத் தெரியாது. உழைத்தால் உயரலாம் என்ற நம்பிக்கை போன இடத்தில்தான் மூன்று நம்பர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிங்கோவும் விடுமுறை விடுதியும் என்றால் நாம் ஏதோ பணக்காரர் சமாசாரம் என்று நினைக்கிறோம். பிறந்த இடத்தில் அப்படியில்லை! இங்கிலாந்தில் பட்லின் என்ற முதலாளி 1936-இல் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் விடுமுறை முகாம் திறந்தார். யாருக்கு? ஆலைத் தொழிலாளிக்கு! ஒரு வாரக் கூலிக்கு ஒரு வார விடுமுறை என்பதே அவர் விளம்பரம். அந்த முகாம்களில் மாலைப்பொழுதுக்குப் பிங்கோவும் இருந்தது. பட்லின் தருமவான் அல்லர். காசு பார்க்கத்தான் வந்தார். ஆனால் தொழிலாளி கையில் விடுமுறை இருந்ததால்தான் அவரால் முகாம் நடத்த முடிந்தது. சம்பளத்தோடு விடுமுறை வேண்டுமென்று அந்நாட்டுத் தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடின. 1938-இல் சட்டமும் வந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பிங்கோவைத் திறந்துவிட்ட பிறகு, மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகைகள் பிங்கோ மண்டபங்களாயின. அங்கும் கடைசியில் தொழிலாளி வீட்டுப் பெண்களின் சில்லறைதான் கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் திருப்பூர்த் தொழிலாளிக்கு அந்த ஒரு வாரம் உண்டா? சம்பளத்தோடு ஏழு நாள் மனைவி மக்களோடு மலைக்குப் போய்வந்த பவர் டேபிள்காரர் ஒருவரைக் காட்டுங்கள்! சட்டத்தில் இல்லாமலா இருக்கிறது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தவனுக்கு அடுத்த ஆண்டில் 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுப்பு என்று எழுதிவைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த 240 நாளை 180 நாளாக்கியிருக்கிறது. தொகுப்பில் நமக்குக் கேடானவை நிறைய உண்டு, அதை வேறொரு நாள் பேசுவோம். ஆனால் இந்த விடுப்பு சும்மா வந்ததல்ல. எந்தப் பையிலும் குலுக்கி எடுத்ததல்ல. 1984-இல் இதே ஊரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. கஞ்சித் தொட்டி வைத்து நின்றவர்களில் சிலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் எவரும் அன்றைக்குச் சீட்டு எடுத்து அதிர்ஷ்டம் பார்க்கவில்லை.

இவ்வளவையும் நாம் சொல்லிக்கொண்டிருக்க, தோழர் நோட்டீசைத் திருப்பிப் போட்டு அதன் வெள்ளைப் பக்கத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார். மூன்று நம்பர் எழுதுகிறாரோ என்று ஒரு கணம் நமக்கே சந்தேகம் வந்துவிட்டது. எட்டிப் பார்த்தோம்.

"தீவாளி லீவு, ஆடர் இல்லாம உட்கார வச்ச நாள் எல்லாம் கழிச்சாலும் போன வருசம் 262 நாள் போயிருக்கறனுங்க," என்றார். "இருபதுக்கு ஒண்ணுன்னா பதிமூணு நாளுங்களா?"

பதிமூன்றுதான் என்றோம்.

"பீஸ் ரேட்டுக்காரனுக்கும் உண்டுங்களா?"

உண்டு, கேளுங்கள், கேட்டுத் தராவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள் என்றோம். நோட்டீசை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் கணக்கப்பிள்ளையைப் பார்க்கப் போகிறாராம். கூட இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார்.